பத்துக்கு ஒன்பதா, எட்டா? மத்திய நியூஜெர்சியில் பள்ளி பார்த்து வீடு தேடுவோருக்கு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். டெக்சஸில் ஐர்விங் நகரத்து வேலி ராஞ்ச் பகுதியில் இருக்கும் ஒரு குடும்பம் வரும் கோடையில் நியூஜெர்சிக்கு மாறுகிறது. கணவருக்குப் பிரின்ஸ்டன் பக்கம், ரூட் 1 சாலையில் அலுவலகம். வாரத்துக்கு இரண்டு நாள் நியூயார்க் போகவேண்டும். மகள் 5-ஆம் வகுப்புக்குப் போகிறாள். மகனுக்குச் செப்டம்பர் 20 அன்று 5 வயது முடிகிறது. வெஸ்ட் விண்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ, சவுத் பிரன்ஸ்விக், மாண்ட்காமரி, எடிசன் என்று நான்கு பெயர்களை எழுதி, பக்கத்தில் இணையத்தில் பார்த்த பள்ளி ரேட்டிங் 9, 8, ஏ பிளஸ் எல்லாம் குறித்து, "இதில் எது நல்ல டிஸ்ட்ரிக்ட்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிஸ்ட்ரிக்ட் என்றால் இங்கே ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் நிர்வாகம். நான்குமே நல்ல டிஸ்ட்ரிக்ட்தான். நான் இந்தப் பக்கம் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இரண்டு டவுன்ஷிப்பில் (தனி உள்ளாட்சி உள்ள ஊர்) குடியிருந்தாயிற்று, பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேதான் படித்தார்கள். இந்த நான்கில் ஒன்றை விட்டு இன்னொன்றில் சேர்ந்ததால் ஒரு பிள்ளையின் படிப்பு வீணாகப் போனது என்று நான் பார்த்ததில்லை. வீட்டைத் தப்பான தெருவில் எடுத்தவர்களை, பிள்ளையைத் தப்பான வருஷத்தில் பள்ளி மாற்றியவர்களை, வரியையும் பயண நேரத்தையும் கணக்குப் போடாமல் மூச்சு முட்டிப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே 9-க்கும் 8-க்கும் நடுவில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே டிஸ்ட்ரிக்டில் இரண்டு வீடுகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் அதைவிடப் பெரியது.

அந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிரேட்ஸ்கூல்ஸ் என்ற இணையதளம் ஒன்று முதல் பத்து வரை போடுகிறது. நிச் என்ற தளம் எழுத்தில் போடுகிறது, அதில் பெற்றோரும் மாணவரும் எழுதும் கருத்துகளும் சேர்கின்றன. இரண்டிலும் பெரிய பங்கு தேர்வு மதிப்பெண்ணுக்கு. ஸ்டான்ஃபர்டில் ஷான் ரியர்டன் என்ற ஆய்வாளரின் குழு நாடு முழுக்க உள்ள டிஸ்ட்ரிக்ட்களின் தேர்வு முடிவுகளைத் திரட்டிப் பார்த்தது. சராசரி மதிப்பெண் அந்த ஊர்க் குடும்பங்களின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே போகிறது. ஒரு பிள்ளை ஒரு வருஷத்தில் எவ்வளவு கற்று முன்னேறுகிறது என்பதோ அந்த வருமானத்தோடு பெரிதாகச் சேர்ந்து போகவில்லை. இரண்டு பேரும் மென்பொருள் வேலை பார்க்கும், சனி ஞாயிறு கணக்கு ட்யூஷன் அனுப்பும் வீடுகள் ஒரு ஊரில் குவிந்தால் அங்கே மதிப்பெண் ஏறத்தான் செய்யும். அதில் பள்ளியின் கைவண்ணம் எவ்வளவு என்று அந்த ஒற்றை எண் சொல்லாது.

டெக்சஸில் அரசே பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்துப் போட்டுப் பழக்கிவிட்டது. நியூஜெர்சியில் அப்படி எழுத்து கிடையாது. மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வருஷாவருஷம் ஒரு செயல்பாட்டு அறிக்கை வெளியிடுகிறது, இலவசம், யாரும் பார்க்கலாம். அதில் நான் முதலில் தேடுவது 'மாணவர் வளர்ச்சி' என்ற பகுதியை. போன வருஷம் இதே மதிப்பெண் வாங்கிய மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதன் நடு அளவு அது. 50 என்றால் நடு. 40 முதல் 60-க்குள் இருந்தால் மாநிலம் 'எதிர்பார்த்த அளவு' என்று சொல்லும். பெயர் பெற்ற பள்ளி 48-லும், யாரும் பேசாத பக்கத்து ஊர்ப் பள்ளி 61-லும் இருப்பது உண்டு. ஒரு வருஷ எண்ணை நம்பாமல் மூன்று வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

அதே அறிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. 8-ஆம் வகுப்புக் கணக்கில் தேர்ச்சி விழுக்காடு பயங்கரக் குறைவாகத் தெரிந்தால் பதறாதீர்கள். இங்கே கணக்கில் முன்னே போகும் பிள்ளைகள் 8-ஆம் வகுப்பிலேயே, சிலர் அதற்கும் முன்னால், அல்ஜீப்ரா எடுத்துவிடுவார்கள். அவர்கள் மாநிலத் தேர்வில் அல்ஜீப்ரா தாளைத்தான் எழுதுவார்கள், 8-ஆம் வகுப்புத் தாளை அல்ல. மிச்சமிருப்பவர்களின் மதிப்பெண்தான் '8-ஆம் வகுப்புக் கணக்கு' என்று அச்சாகும். எத்தனை பேர் அல்ஜீப்ராவுக்குப் போனார்களோ அவ்வளவுக்கு அந்த எண் கீழே இறங்கும். இது தெரியாமல் ஒரு நல்ல நடுநிலைப் பள்ளியை ஒதுக்கிவிட்டு வேறு ஊருக்குப் போனவரை எனக்குத் தெரியும்.

அடுத்தது முகவரி. இதில் உங்களுக்கு ஏற்கெனவே அனுபவம் இருக்கும்: ஐர்விங் முகவரியில் இருந்துகொண்டே பிள்ளை கோப்பெல் டிஸ்ட்ரிக்டில் படிப்பது வேலி ராஞ்சில் சகஜம். இங்கே குழப்பம் வேறு மாதிரி. இந்தச் சின்ன மாநிலத்தில் 564 நகராட்சிகளும் டவுன்ஷிப்களும். பெரும்பாலும் ஊருக்கு ஒரு பள்ளி டிஸ்ட்ரிக்ட். ஆனால் தபால் துறை இந்த எல்லைகளைக் கண்டுகொள்வதே இல்லை. 'பிரின்ஸ்டன், 08540' என்று முகவரி இருக்கும் வீடு பிரின்ஸ்டன் டிஸ்ட்ரிக்டில் இருக்கவேண்டும் என்பதில்லை. அது வெஸ்ட் விண்ட்சராக இருக்கலாம், பிளெய்ன்ஸ்பரோவாக இருக்கலாம், சவுத் பிரன்ஸ்விக்காகவும் இருக்கலாம். பெல் மீட் என்ற முகவரியில் பாதி மாண்ட்காமரி, பாதி ஹில்ஸ்பரோ. மன்மத் ஜங்ஷன், கெண்டால் பார்க், டேட்டன் மூன்றும் தனி ஊர் மாதிரி தோன்றும், மூன்றும் சவுத் பிரன்ஸ்விக். வீட்டு விளம்பரத்தில் 'பிரின்ஸ்டன்' என்ற சொல் பெரிதாக இருந்தால் எனக்குச் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடும். வீட்டின் சொத்து வரி ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில் எந்த டவுன்ஷிப் பெயர் இருக்கிறதோ அந்த ஊர்ப் பள்ளிதான் உங்கள் பள்ளி.

ஊர் தெரிந்துவிட்டால் போதாது, எந்தக் கட்டடம் என்பதும் தெரியவேண்டும். நாங்கள் முதல் வீடு எடுத்தபோது முகவர் "நடந்தே போகிற தூரத்தில் ஆரம்பப் பள்ளி" என்று கையை நீட்டிக் காட்டினார். உண்மைதான், பள்ளி தெரு முனையில் இருந்தது. ஆகஸ்டில் பதிவு செய்யப் போனபோது அந்த வகுப்பு நிரம்பிவிட்டது என்று சொல்லி, மகளை நான்கு மைல் தள்ளி இருந்த வேறொரு பள்ளிக்கு பஸ்ஸில் அனுப்பினார்கள். ஒரு வருஷம் முழுக்க, தெரு முனைப் பள்ளியைக் கடந்து அந்த பஸ் போகும். மகள் ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டே போவாள். யாரும் பொய் சொல்லவில்லை. நான்தான் பள்ளி அலுவலகத்தைக் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் டிஸ்ட்ரிக்டின் பதிவு அலுவலகத்துக்கு முழு முகவரியையும் வகுப்பையும் எழுதி, எந்தப் பள்ளி, இடம் இருக்கிறதா, அடுத்த இரண்டு வருஷத்தில் எல்லை மாற்றும் யோசனை உண்டா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டது காற்றோடு போய்விடும்.

கட்டட அமைப்பில்தான் உங்கள் நான்கு ஊர்களும் நிஜமாக வேறுபடுகின்றன. 5-ஆம் வகுப்புக்குப் போகும் மகளுக்கு இது ரேட்டிங்கை விட முக்கியம் என்பது என் கருத்து.

மாண்ட்காமரியில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஊருக்கே ஒரே பள்ளி. கிண்டர்கார்டன் முதல் 2 வரை ஆர்ச்சர்ட் ஹில், 3-4 வில்லேஜ், 5-6 கீழ் நடுநிலைப் பள்ளி, 7-8 மேல் நடுநிலைப் பள்ளி, அப்புறம் உயர்நிலைப் பள்ளி. எந்தத் தெருவில் வீடு எடுத்தாலும் அதே பள்ளி, எல்லைச் சண்டையே இல்லை. உங்கள் மகள் 5-இல் சேர்ந்தால் அந்த வருஷம் அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் அது புதுக் கட்டடம். எல்லோரும் வழி தெரியாமல் நிற்கும்போது இவளும் நிற்பாள், தனியாகத் தெரியமாட்டாள். வேண்டாத பக்கம் என்னவென்றால் பிள்ளைகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டிக்கொண்டே இருப்பார்கள். மகனுக்கும் மகளுக்கும் ஒரே பள்ளியில் ஒரு வருஷம்கூட அமையாது.

சவுத் பிரன்ஸ்விக்கில் ஏழெட்டு ஆரம்பப் பள்ளிகள், 5-ஆம் வகுப்பு வரை. பிறகு கிராஸ்ரோட்ஸ் வடக்கு, தெற்கு என்று இரண்டு நடுநிலைப் பள்ளிகள், கடைசியில் எல்லோரும் ஒரே உயர்நிலைப் பள்ளி. அது பெரிய பள்ளி. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பெரிய பள்ளி என்றால் பாடங்களும் கிளப்களும் நிறைய, ஆனால் கூடைப்பந்து அணியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. உங்கள் மகள் இங்கே சேர்ந்தால் ஆரம்பப் பள்ளியின் கடைசி வருஷத்தில் நுழைவாள்: கிண்டர்கார்டனிலிருந்து சேர்ந்து வந்த கூட்டத்துக்குள், ஒரே ஒரு வருஷத்துக்கு. நட்பு பிடிக்கும் சுபாவம் இருந்தால் பரவாயில்லை. கூச்சப்படும் பிள்ளை என்றால் அந்த ஒரு வருஷம் நீளமாக இருக்கும்.

வெஸ்ட் விண்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ இரண்டு டவுன்ஷிப்கள் சேர்ந்து நடத்தும் டிஸ்ட்ரிக்ட். வெஸ்ட் விண்ட்சர் பக்கத்து வில்லேஜ் பள்ளி 4, 5 வகுப்புகளுக்கு மட்டும். 6-இல் நடுநிலைப் பள்ளி. உயர்நிலைப் பள்ளி வடக்கு, தெற்கு என்று இரண்டு. வடக்கு 1997-இல் வந்தது, பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறது. எது நல்லது என்று பெற்றோர்கள் விடிய விடியப் பேசுவார்கள். பாடத்திட்டம் ஒன்றுதான், ஆசிரியர் சம்பளமும் ஒன்றுதான். எடிசனில் அந்தப் பேச்சு இன்னும் சூடானது: வடபகுதியில் ஜே.பி. ஸ்டீவன்ஸ், தென்பகுதியில் எடிசன் உயர்நிலைப் பள்ளி. ஸ்டீவன்ஸ் எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு விலை கூடுதல். அந்த எல்லைக்குள் நெருக்கடியும் கூடுதல்.

இனி கவுண்டிக் கோடு. கவுண்டி என்பது பல ஊர்கள் அடங்கிய நிர்வாக வட்டாரம். இதைப் பலர் கடைசியில்தான், மகன் 8-ஆம் வகுப்பில் இருக்கும்போது, கண்டுபிடிக்கிறார்கள். நியூஜெர்சியில் கவுண்டி ஒவ்வொன்றும் தனியாகத் தொழில்நுட்ப, மேக்னட் (ஒரு துறையை மையமாக வைத்து, பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும்) பள்ளிகள் நடத்துகிறது. 8-ஆம் வகுப்பில் விண்ணப்பிக்கவேண்டும், கட்டணம் கிடையாது, அந்தக் கவுண்டிப் பிள்ளைகளுக்கு மட்டும். வெஸ்ட் விண்ட்சர் மெர்சர் கவுண்டி. பிளெய்ன்ஸ்பரோ மிடில்செக்ஸ் கவுண்டி. ஒரே டிஸ்ட்ரிக்ட், ஆனால் பிளெய்ன்ஸ்பரோ வீட்டுப் பிள்ளை பொறியியல் சார்ந்த எடிசன் அகாடமிக்கும் மருத்துவம் சார்ந்த உட்பிரிட்ஜ் அகாடமிக்கும் விண்ணப்பிக்கலாம், வெஸ்ட் விண்ட்சர் பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை. அவர்களுக்கு மெர்சர் கவுண்டியின் ஸ்டெம் அகாடமியும் சுகாதார அறிவியல் அகாடமியும். சவுத் பிரன்ஸ்விக்கும் எடிசனும் மிடில்செக்ஸ், மாண்ட்காமரி சாமர்செட். இடங்கள் மிகக் குறைவு, அதை நம்பி வீடு வாங்குவது லாட்டரிச் சீட்டை நம்பிக் கடன் வாங்குகிற மாதிரி. ஆனால் இரண்டு வீடுகளில் எது என்று தராசு நடுவில் நிற்கும்போது, கவுண்டி ஒரு பக்கம் சாய்க்கலாம்.

படிப்பு அழுத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். 2015 அக்டோபரில் வெஸ்ட் விண்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் டேவிட் ஏடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். பிள்ளைகள் தாங்கமுடியாத நெருக்கடியில் இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். உயர்நிலைப் பள்ளியில் நடுப்பருவ, இறுதித் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. 4-ஆம் வகுப்பில் தொடங்கிய மேல்நிலைக் கணக்கு வகுப்பு 6-ஆம் வகுப்புக்குத் தள்ளப்பட்டது. ஊர் இரண்டாகப் பிளந்தது. பிளவு பெரும்பாலும் இனக் கோட்டை ஒட்டி இருந்தது என்று தேசியப் பத்திரிகைகள் வரை செய்தி போனது. நம்மவர்கள் பலர் "கஷ்டப்பட்டு இங்கே வந்ததே படிப்புக்குத்தான், அதைக் குறைப்பதா" என்று கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. அதே சமயம், இரவு ஒரு மணிக்கு விளக்கு எரியும் ஜன்னல்களை என் தெருவிலேயே எண்ணியிருக்கிறேன். பத்து வருஷம் கழித்து இப்போது பார்க்கையில், பிரச்சினையை வாய்விட்டுச் சொன்ன டிஸ்ட்ரிக்ட் என்று அதை நான் மதிக்கிறேன். மற்ற மூன்றில் அழுத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் மாறும். அங்கே வகுப்பில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வந்தால் பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் என்று சட்டம் இருப்பதால் ரேங்க் உயிர். இங்கே அப்படிச் சட்டம் இல்லை. பல பள்ளிகள் ரேங்க் போடுவதையே விட்டுவிட்டன. அதனால் போட்டி குறைந்ததா என்றால் இல்லை. நேஷனல் மெரிட் என்ற தேசிய உதவித்தொகைப் போட்டியின் தகுதிக்கான கட்-ஆஃப் நாட்டிலேயே மிக உயர்ந்து நிற்கும் மாநிலங்களில் நியூஜெர்சி ஒன்று. கல்லூரிகள் பிள்ளையை அதே பள்ளிப் பிள்ளைகளோடுதான் வைத்துப் பார்க்கின்றன. ஆகவே ஊர்ப் பெற்றோரிடம் விசாரிக்கும்போது, முதல் மாணவர்களின் அப்பா அம்மாவிடம் கேட்காதீர்கள். அவர்கள் பிள்ளை எங்கே படித்திருந்தாலும் படித்திருக்கும். பி வாங்கும் பிள்ளையின் அம்மாவைப் பிடித்து, "கணக்கில் தடுமாறியபோது பள்ளி என்ன செய்தது? யார் முதலில் கூப்பிட்டார்கள், அவர்களா நீங்களா?" என்று கேளுங்கள். பள்ளியைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல விஷயம் எல்லாம் இந்தக் கேள்விக்கு வந்த பதில்களிலிருந்துதான் தெரிந்தது.

பணத்துக்கு வருவோம். பள்ளியின் பெயர் வீட்டு விலைக்குள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் 1999-இல் பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக் கோட்டின் இரு பக்கமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டார்: தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் வீட்டுக்குப் பெற்றோர் 2.5 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று கணக்கு வந்தது. அதாவது 9-க்கும் 8-க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு நீங்கள் காசு கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள், சும்மா கிடைப்பதில்லை. அதற்கு மேல் சொத்து வரி. மாநிலச் சராசரியே வருஷம் 10,000 டாலர் பக்கம் வந்துவிட்டது, அதில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறது. நீங்கள் பார்க்கும் ஊர்களில் 8 லட்சம் டாலர் வீட்டுக்கு விலையில் 2.2 விழுக்காடு வரி என்று வைத்தால் 17,600 டாலர், மாதம் ஏறக்குறைய 1,470. டெக்சஸிலும் சொத்து வரி அதிகம் என்பதால் விகிதம் உங்களை அதிரவைக்காது. ஆனால் அங்கே இல்லாத மாநில வருமான வரி இங்கே உண்டு. இரண்டையும் சேர்த்து மாதக் கணக்காக எழுதிப் பார்த்துவிட்டு வீட்டு விலைக்கு வாருங்கள்.

வரி ரசீதைத் தாண்டி டிஸ்ட்ரிக்டின் நிதி நிலையையும் கொஞ்சம் பாருங்கள். 2011 முதல் பள்ளி வரியை வருஷத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு, சில விலக்குகளோடு. ஊழியர் மருத்துவக் காப்பீடும் பஸ் செலவும் அந்த வரம்பைக் கேட்டு ஏறுவதில்லை. போதாக்குறைக்கு 2018-இல் வந்த சட்டம் மாநில உதவித்தொகையை ஏழு வருஷத்தில் மாற்றிப் பங்கிட்டது. டாம்ஸ் ரிவர் மாதிரி சில ஊர்கள் வருஷாவருஷம் இழந்தன, சில பெற்றன. ஏப்ரல், மே மாதப் பட்ஜெட் கூட்டங்களின் பதிவு டிஸ்ட்ரிக்ட் தளத்தில் இருக்கும். ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள்: ஆசிரியர் இடங்களைக் குறைக்கிறார்களா, இசை வகுப்பு, நூலகர், ஆலோசகர் யார் பெயர் அடிபடுகிறது? ரேட்டிங்கில் தெரிய மூன்று வருஷம் ஆகும் விஷயம் அந்தக் கூட்டத்தில் அன்றே தெரியும். டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையின் 8ஏ வெளிவாசல் பக்கம், கிரான்பரியிலும் சவுத் பிரன்ஸ்விக்கிலும், கண்ணுக்கெட்டிய வரை கிடங்குகள் நிற்கின்றன. உள்ளூரில் அவற்றை 'ரேட்டபிள்' என்பார்கள்: வரி கட்டும், பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாது. ஊருக்கு லாபம்தான், லாரிகளோடு சாலையைப் பங்கு போட்டுக்கொள்ள உங்களுக்குச் சம்மதம் என்றால்.

பயணம். நியூயார்க் ரயிலுக்குப் பிரின்ஸ்டன் ஜங்ஷன் நிலையம் வெஸ்ட் விண்ட்சருக்குள்ளேயே இருக்கிறது, பிளெய்ன்ஸ்பரோவிலிருந்தும் பக்கம். எடிசனுக்குச் சொந்த நிலையமே உண்டு, மெட்ரோபார்க்கும் அருகில். சவுத் பிரன்ஸ்விக்கிலும் மாண்ட்காமரியிலும் ரயில் நிலையம் கிடையாது, காலையில் காரில் போய் நிறுத்தவேண்டும். நிறுத்துமிட அனுமதி என்ன நிலை என்று முன்பே விசாரியுங்கள். பள்ளி பஸ்ஸைப் பொறுத்தவரை, 8-ஆம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேலும், உயர்நிலைப் பள்ளிக்கு 2.5 மைலுக்கு மேலும் இருந்தால்தான் டிஸ்ட்ரிக்ட் கட்டாயம் அனுப்பவேண்டும். அதற்குக் குறைவென்றால் அது அவர்கள் பெருந்தன்மை. பட்ஜெட் இறுகும் வருஷத்தில் முதலில் வெட்டுவதும் அதைத்தான். 1.8 மைலில் நடைபாதை இல்லாத சாலை என்றால், ஜனவரிப் பனியில் தினம் இரண்டு முறை நீங்கள்தான் ஓட்டுநர்.

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து இருப்பார்களா? அப்படியென்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடிசனில் ஓக் ட்ரீ சாலைப் பக்கமோ பிளெய்ன்ஸ்பரோ அடுக்ககங்களிலோ அவர்கள் சாயங்காலம் கீழே இறங்கினால் பேச்சுத் துணைக்கு நாலு பேர் கிடைப்பார்கள். மாண்ட்காமரியில் ஒரு ஏக்கர் வீட்டில் அவர்களுக்கு ஜன்னல் வழியே மான்தான் துணை. என் அம்மா இரண்டாவது முறை வர மறுத்ததற்குக் காரணம் குளிர் மட்டும் இல்லை.

விசா பற்றி ஓர் அடிக்குறிப்பு: நீங்கள் அந்த ஊரில் வசிக்கிறீர்கள் என்பதற்கான வாடகை ஒப்பந்தமும் கட்டண ரசீதும் போதும், பள்ளியில் சேர்க்கக் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது, 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் திட்டம் ஏதாவது டெக்சஸில் இருந்தால், எழுதிய ஆவணம் முழுவதையும் கையில் கொண்டுவாருங்கள். பள்ளி நேரடியாக அனுப்பும் என்று காத்திருந்தால் அக்டோபர் ஆகிவிடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால்: முதல் வருஷம் வாங்கமாட்டேன். பிளெய்ன்ஸ்பரோவில் ஃபாக்ஸ் ரன், ஹண்டர்ஸ் க்ளென், ரேவன்ஸ் க்ரெஸ்ட் என்று அடுக்ககங்கள் நிறைய. தமிழ்க் குடும்பங்கள் பல முதலில் வந்து இறங்குவதே அங்கேதான். அலுவலகம் பக்கம், ரயில் பக்கம், மிடில்செக்ஸ் கவுண்டி. மகள் எப்படிப் பொருந்துகிறாள் என்று பார்த்துவிட்டு, அவள் 6-ஆம் வகுப்புக்கு எப்படியும் கட்டடம் மாறும் சமயத்தில் வீட்டை முடிவு செய்வேன். அவள் மிகவும் கூச்ச சுபாவம், கூட்டம் கண்டால் ஒதுங்குவாள் என்றால் இந்த யோசனையை மாற்றிக்கொண்டு இப்போதே மாண்ட்காமரியில் வாடகைக்குத் தேடுவேன், 5-ஆம் வகுப்புக் காரணத்துக்காக. ரயில் நாட்களில் கணவர் கொஞ்சம் சீக்கிரம் எழுந்துகொள்ளட்டும். எடிசனை, கடைகளும் சொந்தபந்தமும் வேண்டும் என்றால் மட்டும். ரூட் 1 அலுவலகத்துக்குத் தினமும் அங்கிருந்து வருவது அலுத்துப்போகும். சவுத் பிரன்ஸ்விக், நிஜமாக வாங்கும்போது திரும்பிப் பார்க்கவேண்டிய ஊர். பெயரில் கொஞ்சம் பின்னால் இருப்பதால் அதே பணத்துக்கு ஓர் அறை கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் மகனின் பிறந்தநாள் விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். டெக்சஸில் செப்டம்பர் 1-க்குள் 5 முடியவேண்டும் என்பதால் அவன் ஒரு வருஷம் காத்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இங்கே பல டிஸ்ட்ரிக்ட்களில் கடைசித் தேதி அக்டோபர் 1. ஊருக்கு ஊர் மாறலாம், ஆகவே நான்கிலும் கேளுங்கள். கிண்டர்கார்டன் முழு நாளா அரை நாளா என்பதையும் கூடவே கேளுங்கள். அவன் இந்தச் செப்டம்பரிலேயே பள்ளிக்குப் போகலாம் என்றால் ஒரு வருஷத்து டேகேர் கட்டணம் மிச்சம். பதிவை பல இடங்களில் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுவார்கள். அவனுடைய தடுப்பூசி அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் மூட்டை கட்டும் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.